ஆனந்திபாய் ஜோஷி: அவருடைய மதமும் மண வாழ்க்கையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனந்திபாய் ஜோஷியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். மதம் மாறினாரா? கணவர் அவ்வளவு நல்லவராமே? படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பல வருடங்களாக இதே சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

யார் இந்த ஆனந்திபாய்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1865 மார்ச் 31 அன்று பம்பாய்க்கு அருகில் உள்ள கல்யாணில், ஒரு மராத்தி பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் கல்யாணம். பதினான்கு வயதில் ஒரு குழந்தை பிறந்து இறந்தது. பதினெட்டு வயதில், கணவர் துணைக்கு வராமல், கல்கத்தாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா போனார். பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1886 மார்ச் 11 அன்று எம்.டி. பட்டம் வாங்கினார்.

அதே ஆண்டு நவம்பரில் ஊர் திரும்பினார். 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் காசநோயால் இறந்தார். இருபத்திரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஆனந்திபாயை முதல் பெண் டாக்டர் என்கிறார்களே, அது முத்துலட்சுமி ரெட்டி இல்லையா? பள்ளியில் அப்படித்தானே படித்தோம்?

முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்ததே 1886 ஜூலையில்தான். அதற்கு நான்கு மாதம் முன்பே ஆனந்திபாய் பட்டம் வாங்கிவிட்டார். முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தது 1912ல். அவருடைய பெருமை வேறு வகையானது, அதில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு பெயரும் இருக்கிறது, காதம்பினி கங்குலி. அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து அதே 1886ல் தகுதி பெற்றார். ஆனந்திபாய் வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர், காதம்பினி இந்தியாவிலேயே படித்து நெடுங்காலம் வைத்தியமும் பார்த்தவர். யாருக்கு முதலிடம் என்ற சண்டையை நான் ரசிப்பதில்லை. ஆனால் காதம்பினியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி வருவார்.

யமுனாவா, ஆனந்தியா? எது சரியான பெயர்?

பெற்றோர் வைத்த பெயர் யமுனா. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டில் வைத்த பெயர் ஆனந்தி. பெண்ணுக்குக் கல்யாணத்தில் பெயரை மாற்றுவது அந்தச் சமூகத்து வழக்கம். அவர் தன் கடிதங்களிலும் பட்டத்திலும் வைத்துக்கொண்ட பெயர் கல்யாணத்துக்குப் பின் வந்ததுதான்.

ஒன்பது வயதில் கல்யாணம். அதில் காதல் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. கோபால்ராவ் ஜோஷி தபால் இலாகாவில் குமாஸ்தா. மனைவியை இழந்தவர், ஆனந்தியைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவர். ஒன்பது வயதுக் குழந்தை ஒரு வளர்ந்த மனிதருக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அது சாதாரணம் என்பது உண்மை. அந்தக் குழந்தைக்கு அது சாதாரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மராத்தியில் இவர்கள் கதை நாவலாக, நாடகமாக, திரைப்படமாக வந்திருக்கிறது. அதனால்தான் பலருக்கு இது ஒரு பெரிய காதல் கதை என்ற நினைப்பு. தொடக்கத்தில் இருந்தது காதல் என்று சொல்ல முடியாது. பிற்பாடு இருவருக்கும் இடையே வளர்ந்தது என்ன என்பது கஷ்டமான கேள்வி. அதற்கு அடுத்த சில பதில்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கணவர்தானே படிக்க வைத்தார்? அப்படியென்றால் நல்லவர்தானே?

படிக்க வைத்தார், அதில் சந்தேகமே இல்லை. மனைவியைப் படிக்க வைப்பேன் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே நிபந்தனையாகச் சொன்ன மனிதர். 1870களில் அப்படிச் சொன்ன ஆண்கள் எத்தனை பேர்? அலிபாக், கோலாப்பூர், பம்பாய், கல்கத்தா என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் மனைவியை அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அவளைக் கூட்டிக்கொண்டு தெருவில் காலாற நடந்து போவதற்கே ஊர் சிரித்தது. அதையும் பொருட்படுத்தவில்லை.

அதே மனிதர் அடிக்கவும் செய்தார். மற்ற வீடுகளில் சமைக்கவில்லை என்று அடி விழும். இந்த வீட்டில், படிக்காமல் சமையலறையில் நின்றதற்காக விழுந்தது. இதைச் சிலர் வேடிக்கைபோலச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடி வாங்கிய பெண்ணுக்கு வயது பத்து, பன்னிரண்டு. எதற்காக அடித்தார் என்பதை வைத்து அதை லேசாக்க எனக்கு மனம் வரவில்லை.

அடித்தார் என்பதற்கு ஆதாரம் உண்டா? பிறகு வந்தவர்கள் கட்டிவிட்ட கதையாக இருக்கலாமே?

ஆனந்திபாயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இருந்தபோது, இந்தியாவில் இருந்த கணவருக்கு எழுதிய கடிதம் அது. நீங்கள் என்னை நடத்திய விதம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன் என்கிற பொருளில் தொடங்குகிறார். அப்புறம் ஒவ்வொன்றாக வயதோடு சொல்கிறார். பத்து வயதில் உடைந்த மரத்துண்டுகளால் அடித்தது. பன்னிரண்டு வயதில் நாற்காலிகளையும் புத்தகங்களையும் வீசியது, விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டியது. பதினான்கு வயதில் தந்த வேறு விதமான தண்டனைகள். அந்தந்த வயதுக்கும் உடம்புக்கும் மனதுக்கும் இவை அதிகம் என்று நிதானமாக எழுதுகிறார். அந்த அறியாத வயதில் நான் உங்களை விட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கிறார்.

இந்தக் கடிதத்தை நான் பல முறை படித்திருக்கிறேன். அதில் கெஞ்சலும் இல்லை, சாபமும் இல்லை. ஒரு மருத்துவ மாணவி நோயாளியின் வரலாற்றைக் குறித்துக்கொள்வதுபோல, எந்த வயதில் என்ன நடந்தது என்று வரிசையாக வைக்கிறார். வைத்துவிட்டு, இதன் நடுவே நான் ஆளானதும் உண்மைதான் என்கிறார். தன்னை வளர்த்த கையும் தன்னை அடித்த கையும் ஒன்றுதான் என்பதை அந்தக் கைக்கு உரியவரிடமே எழுதிச் சொல்வதற்கு, நடுவில் ஒரு கடல் தேவைப்பட்டிருக்கிறது.

டாக்டராக வேண்டும் என்ற ஆசை யாருடையது? அவருடையதா, கணவருடையதா?

மனைவியைப் படித்தவளாக்க வேண்டும் என்ற ஆசை கணவருடையது. டாக்டர் என்ற குறி ஆனந்திபாயுடையது என்றே நான் சொல்வேன். பதினான்கு வயதில் பிறந்த ஆண் குழந்தை பத்து நாள்தான் இருந்தது. சரியான வைத்தியம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் பல குடும்பங்களில் ஆண் மருத்துவரிடம் போவதைவிடச் சாவதே மேல் என்று பெண்கள் இருந்தார்கள். கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பக் கடிதத்தில் ஆனந்திபாய் இதையேதான் காரணமாகச் சொன்னார். ஆண் மருத்துவரிடம் காட்டுவதைவிட உயிரை விடத் துணியும் தன் நாட்டுப் பெண்களுக்கு உண்மையான வைத்திய உதவி தரவே வந்திருக்கிறேன் என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுதிய வரி அது. கணவர் சொல்லிக் கொடுத்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்தவ மிஷன்காரர்கள்தானே பணம் கொடுத்து அனுப்பினார்கள்?

இல்லை. ஆனால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 1878ல் கோபால்ராவ், ராயல் வைல்டர் என்ற அமெரிக்க மிஷனரிக்கு எழுதினார். மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க வேண்டும், தனக்கும் அங்கே ஒரு வேலை வேண்டும் என்று கேட்டார். கிறிஸ்தவர்களாக மாறினால் உதவலாம் என்ற ரீதியில் பதில் வந்தது. இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் வைல்டர் அந்தக் கடிதப் போக்குவரத்தைத் தன் பத்திரிகையில் அச்சிட்டார். நியூஜெர்சி மாகாணத்தில் ரோசெல் என்ற ஊரில் தியோடீசியா கார்ப்பென்டர் என்ற பெண், 1880ல், பல் மருத்துவரிடம் காத்திருந்த நேரத்தில் அதைப் புரட்டினார். மனம் கேட்காமல் ஆனந்திபாய்க்கு எழுதினார். இருவரும் முகம் பார்க்காமலே மூன்று வருடம் எழுதிக்கொண்டார்கள். ஆனந்திபாய் அவரைச் சித்தி என்று உறவு வைத்து அழைத்தார். பயணத்துக்கான பணத்துக்குத் தன் நகைகளை விற்றார். கப்பலில் துணைக்கு மிஷனைச் சேர்ந்த பெண்கள் இருந்தார்கள், அது உண்மை. வழித்துணையை வைத்து மதத்தை முடிவு செய்துவிட முடியாது.

'இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன்' என்று உண்மையிலேயே சொன்னாரா? யாரிடம் சொன்னார்?

சொன்னார், அதுவும் பொதுமேடையில். 1883 பிப்ரவரி 24 அன்று, கல்கத்தாவுக்கு அருகில் உள்ள சேரம்பூர் கல்லூரி மண்டபத்தில். தன்னிடம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த ஆறு கேள்விகளைத் தானே எடுத்து வைத்துப் பதில் சொன்னார். ஏன் அமெரிக்கா போகிறேன்? இந்தியாவில் படிக்க வழி இல்லையா? ஏன் தனியாகப் போகிறேன்? திரும்பி வந்தால் சாதியை விட்டுத் தள்ளிவைக்க மாட்டார்களா? அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? பெண் குலத்தில் யாரும் செய்யாததை நான் ஏன் செய்ய வேண்டும்? (நான் இப்போது செய்துகொண்டிருப்பதைப் பதினேழு வயதில் அவர் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டார் என்று இதை எழுதும்போது நினைத்துக்கொண்டேன்.)

தமிழ் வாசகர்களுக்கு ஒரு தகவல். இரண்டாவது கேள்விக்கான பதிலில் நம் சென்னையும் வருகிறது. மதராஸில் ஒரு கல்லூரி இருக்கிறது, எல்லா மாகாணங்களிலும் பிரசவம் பார்க்கும் வகுப்புகள் இருக்கின்றன, ஆனால் சொல்லித் தருவது போதாது, சொல்லித் தருபவர்கள் பழமைவாதிகள், கொஞ்சம் பொறாமையும் உண்டு என்றார். அவையில் ஐரோப்பியர்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் இதைச் சொன்னார்.

அது சாதிவிலக்குக்குப் பயந்து சொன்னதாக இருக்குமா?

கேட்க வேண்டிய கேள்விதான். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற நம்பிக்கை அன்று பலமாக இருந்தது. கணவரின் வேலை, குடும்பத்தின் மானம் எல்லாம் அதில் மாட்டியிருந்தன. அந்த நெருக்கடி அவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த வாக்கியம் வந்த இடத்தைப் பாருங்கள். நான்காவது கேள்விக்கான பதிலில் வருகிறது. எனக்குக் கொஞ்சமும் பயமில்லை என்றுதான் தொடங்குகிறார். இங்கே வாழ்வதுபோலவே அங்கேயும் வாழப்போகிறேன், பழக்கம், உணவு, உடை எதையும் மாற்றப்போவதில்லை, பிறகு என்னை ஏன் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்கிறார். அத்தோடு நிற்கவில்லை. தள்ளிவைக்க வேண்டுமென்றால் இப்போதே செய்யலாமே, ஏன் செய்யவில்லை என்றும் கேட்கிறார். பயந்தவர் ஊரை அப்படிச் சவாலுக்கு இழுக்க மாட்டார்.

என் கணிப்பைச் சொல்கிறேன். அவரைச் சுற்றி இரண்டு கூட்டங்கள் இருந்தன. படிப்பு வேண்டுமென்றால் மதத்தை விடு என்றது ஒன்று, மதம் வேண்டுமென்றால் படிப்பை விடு என்றது மற்றது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விலை என்பதையே அவர் ஏற்கவில்லை. அவருடைய பக்தி எப்படிப்பட்டது என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

சரி, அமெரிக்காவில் அந்த வாக்கைக் காப்பாற்றினாரா?

பெரும்பாலும் காப்பாற்றினார், அதற்கு உடம்பு விலை கொடுத்தது. 1883 ஜூனில் நியூயார்க் போய் இறங்கினார். கார்ப்பென்டர் வீட்டில் இருந்தவரை கவலை இல்லை. பிலடெல்பியாவில் கிடைத்த அறையில் கணப்பு சரியாக எரியாது, புகையும். புகையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் நடுங்க வேண்டும். சைவ உணவு, அந்த ஊரில் கிடைத்ததை வைத்துத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியது. உடம்பு ஏற்கனவே பலவீனம்.

உடையில் மட்டும் ஒரு மாற்றம் செய்தார். மராத்திப் பெண்கள் கட்டும் ஒன்பது கஜம் கெண்டைக்காலை மூடாது, பனிக்கு ஆகாது. அதனால் குஜராத்திப் பெண்கள் கட்டுவதுபோலக் கால் மறையக் கட்டிக்கொண்டார். சேலையை விட்டுவிடவில்லை. 1885 அக்டோபரில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. கூடப் படித்த ஜப்பானின் கெய் ஒகாமி, சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி, இவர், மூவரும் தத்தம் நாட்டு உடையில் இருக்கிறார்கள்.

உடை, உணவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆய்வேடு. ஆரிய இந்துக்களிடையே பிரசவ மருத்துவம் என்பது தலைப்பு. பழைய சமஸ்கிருத வைத்திய நூல்களும் அமெரிக்கப் பாடப்புத்தகங்களும் ஒரே ஏட்டில் அருகருகே வருகின்றன. மேடையில் கொடுத்த வாக்கை இப்படியும் காப்பாற்றலாம் என்று காட்டியிருக்கிறார்.

மிஷன் பெண்கள் கூட்டத்தில் குழந்தைத் திருமணத்தை ஆதரித்துப் பேசினாராமே? படித்தவர் இப்படிப் பேசலாமா?

பேசினார். எனக்கும் இது நெருடலான விஷயம்தான், மறைக்க விரும்பவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர் அழுது புலம்புவார் என்று எதிர்பார்த்துத்தான் பலர் வந்திருப்பார்கள். இருட்டிலிருந்து மீண்டு வந்த இந்துப் பெண் என்ற வேஷம் அவருக்காகத் தைத்து வைத்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ள மறுத்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அந்நியர் நடுவே தன் வீட்டைக் குறை சொல்ல மாட்டேன் என்ற பிடிவாதம் அது.

அதற்காக அவர் சொன்னது சரியாகிவிடாது. அவருடைய சொந்த வாழ்க்கையே அதற்கு எதிர்ச்சாட்சி. கணவருக்கு எழுதிய கடிதத்தை மேலே சொன்னேன். வெளியாரிடம் விட்டுக்கொடுக்காததை வீட்டுக்காரரிடம் நேரடியாகவே கேட்டார். ஒரே பெண்தான் இரண்டையும் செய்தார்.

பண்டித ரமாபாய் மதம் மாறினார், இவர் மாறவில்லை. இருவருக்கும் சண்டையா?

இல்லவே இல்லை. இருவரும் மராத்தி பிராமணப் பெண்கள், தூரத்து உறவும்கூட. ரமாபாய் சாதி கடந்து, தானே விரும்பி ஒரு வங்காளியைக் கல்யாணம் செய்துகொண்டவர். இரண்டே வருடத்தில் கணவரை இழந்தார். 1883 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதாவது ஆனந்திபாய் இந்துவாகவே இருப்பேன் என்று மேடையில் சொன்ன அதே வருடம்.

1886ல் ஆனந்திபாய் பட்டம் வாங்கும் நாளுக்காகவே ரமாபாய் இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டிப் போனார். இவரை அவரும் அவரை இவரும் மாற்றப் பார்த்ததாகக் கதை சொல்ல வேண்டாம். பட்டமளிப்பு மண்டபத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண், ஓர் இந்துப் பெண்ணின் சொந்தமாக உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு அடி வாங்கியும் ஏன் விலகவில்லை? விலகியிருக்கலாமே?

அந்த நாளில் விலகுவது எப்படி இருந்தது என்பதற்கு ருக்மாபாய் வழக்கு இருக்கிறது. பம்பாயில் பதினோரு வயதில் கல்யாணமானவர். வளர்ந்த பிறகு கணவரோடு வாழ மறுத்தார். கணவர் 1884ல் வழக்குப் போட்டார். முதலில் ருக்மாபாய்க்குச் சாதகமான தீர்ப்பு, பிறகு அது புரண்டது. 1887 மார்ச் 4 அன்று, கணவரிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்று உத்தரவானது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். அப்போது ஆனந்திபாய் இறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 1888ல் பணம் கொடுத்துச் சமரசமாகி, ருக்மாபாய் லண்டன் போய்ப் படித்து டாக்டரானார்.

ருக்மாபாய்க்குத் துணையாக மருத்துவரான மாற்றாந்தந்தை இருந்தார். ஆனந்திபாய்க்குப் படிப்பின் பக்கம் நின்ற ஒரே ஆள் கணவர்தான். அவரை விட்டால் படிப்பும் போகும். இப்போது காதம்பினியை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் தன்னைவிட மிகவும் மூத்தவரான, மனைவியை இழந்த துவாரகாநாத் கங்குலியைத்தான் மணந்தார். துவாரகாநாத் காதம்பினிக்கு ஆசிரியராகவும் இருந்தவர். ஆனால் 1883ல், பி.ஏ. பட்டம் வாங்கிய பிறகு, இருபது வயது தாண்டிய பெண்ணாக, தெரிந்தே மணந்தார். மூன்று பெண்கள், மூன்று கல்யாணங்கள். தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய வயதில் மணந்தவர் காதம்பினி மட்டும்தான்.

அமெரிக்காவில் வேறு யாரையாவது விரும்பினாரா?

அப்படி எதற்கும் தடயம் இல்லை. இந்தக் கேள்வி ஆண் மருத்துவர்களைப் பற்றி என்னிடம் ஒருமுறைகூட வந்ததில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். அந்த நாட்டில் அவருக்கு ஆழமான அன்பு இருந்தது, கார்ப்பென்டர் சித்தியிடம். கல்லூரித் தலைவர் ரேச்சல் பாட்லியிடமும்.

அப்படியானால் கணவரிடம் அன்பே இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இருந்தது என்றே நான் நம்புகிறேன். தான் உருவானதில் அவர் பங்கைக் கடைசிவரை மறுக்கவில்லை. ஆனால் அது அடித்த பிறகும் வணங்கும் பதிபக்தியாக இருக்கவில்லை. அந்தக் கடிதத்தில் கணவரிடம் நியாயம் கேட்கிறார். தனக்குச் சமமானவர் என்று நினைத்தால்தானே ஒருவரிடம் நியாயம் கேட்க முடியும்? ஒன்பது வயதில் இல்லாத சமநிலை பத்தொன்பது, இருபது வயதில் கடிதம் வழியாகத்தான் வந்தது. அதைக் காதல் என்று சொல்ல விரும்புபவர்கள் சொல்லட்டும். ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோபால்ராவ் பிறகு என்ன ஆனார்? சீர்திருத்தவாதியா, கிறுக்கரா?

1885ல் அவரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மனைவிக்கு இடம் கொடுத்த அந்த நாட்டில், மேடையேறி அந்த நாட்டுச் சமூகத்தையும் கிறிஸ்தவத்தையும் தாக்கிப் பேசினார். மனைவிக்கு அது எவ்வளவு தர்மசங்கடமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மனைவி இறந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. 1890ல் புனேயில் பஞ்ச ஹௌத் என்ற கிறிஸ்தவ மிஷனில் ஒரு கூட்டம் நடந்தது. பிரமுகர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிறகு அங்கே வந்தவர்களின் பெயர்களை கோபால்ராவ் பத்திரிகையில் வெளியிட்டார். திலகர், ரானடே பெயர்களும் அதில் இருந்தன. மிலேச்சர் வீட்டில் தேநீர் குடித்தார்கள் என்று ஊரே கொந்தளித்தது, பிராயச்சித்தம்வரை போனது. மற்றவர்களின் போலித்தனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டுவதில் அவருக்குத் தீராத ஆர்வம். உடன் இருப்பவர்கள் அதில் எவ்வளவு அடிபடுவார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு வைத்தியம் பார்த்தாரா? அவருடைய சாம்பல் ஏன் அமெரிக்காவில் இருக்கிறது?

கோலாப்பூர் சமஸ்தானத்தில் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையின் பெண்கள் பிரிவை ஏற்றுக்கொள்ளும்படி அவருக்கு அழைப்பு வந்திருந்தது. ஒப்புக்கொண்டார். ஆனால் கப்பலை விட்டு இறங்கியவர் நோயாளியாகத்தான் இறங்கினார். பொறுப்பை ஏற்கவே முடியவில்லை. சாதியை விட்டுத் தள்ளிவைப்பார்கள் என்று நான்கு வருடம் பயமுறுத்தினார்களே, அந்த ஊர் அவரை மரியாதையோடு வரவேற்றது. தன் சொந்தக்காரர்கள் நடுவே, இந்துவாகவே இறந்தார். சேரம்பூரில் சொன்னது அதுதான்.

அவருடைய சாம்பலை கோபால்ராவ் கார்ப்பென்டருக்கு அனுப்பி வைத்தார். அந்த மனிதர் செய்த எத்தனையோ காரியங்களில் எனக்குக் கோபம் உண்டு. இது ஒன்றை நினைத்தால் கண் கலங்கிவிடும். நியூயார்க் மாகாணத்தில் பொக்கீப்சி என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில், கார்ப்பென்டர் தன் குடும்பத்தாருக்கென்று வைத்திருந்த இடத்தில் அதைப் புதைத்தார். கல்லில் ஆனந்தபாய் ஜோஷி, எம்.டி. என்ற பெயர், 1865, 1887 என்ற ஆண்டுகள், கல்வி பெறுவதற்காக இந்தியாவை விட்டுப் புறப்பட்ட முதல் பிராமணப் பெண் என்ற குறிப்பு. கிறிஸ்தவர்களின் தோட்டத்தில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் நடுவே, அந்தக் குடும்பத்துப் பெண்ணாகவே இருக்கிறார்.